அட்டைச் சவுக்காரம்

பதுளை பஜாரில் எங்கள் கடைப் பலகையில் 'அன்ட் கம்பெனி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். கம்பெனி என்றதும் உள்ளே வெள்ளைக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று எட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்துபோவார்கள். மொத்தம் மூன்று பேர்தான். என் மனைவியின் பெரியப்பா, என் மனைவியின் அண்ணன், நான். முதலாமவர் எனக்குப் பெரிய மாமா, இரண்டாமவர் மச்சான். பெண் எடுத்த வீட்டிலேயே கூட்டாளியாகவும் சேர்ந்துகொண்டவனுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது எனக்கும் கிடைத்தது. சாப்பாட்டில் முதல் பந்தி, பேச்சில் கடைசிப் பந்தி.

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். மிச்ச வழிக்கு மாட்டு வண்டிதான். அரிசி, கருவாடு, கம்பளி, சேலை எல்லாம் அப்படித்தான் வந்து சேரும். வந்ததை ஹாலிஎல, தெமோதரை, நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்புவோம். இந்தச் சரக்குகள் தவிர வேறு எதையும் தொடுவதென்றால் கம்பெனிக்கு ஒரு முறை இருந்தது. முதலில் மூன்று பேரும் கூடிப் பேச வேண்டும். பிறகு சரக்கைக் கொஞ்சமாகக் கொடுத்து, வாங்குகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கடைசியாக முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், இரண்டையும் வாழையிலையில் மடித்து நாரால் கட்டிச் சந்நிதியில் வைப்பார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. குடை விற்க ஆரம்பித்தது வெள்ளைப் பூவினால். விளக்குக் கண்ணாடி விற்காமல் விட்டது சிவப்புப் பூவினால். அடுத்த வருஷமே எதிர்க் கடைக்கு வந்த விளக்குக் கண்ணாடி முழுக்க வண்டியிலேயே நொறுங்கிப்போனது என்று பெரிய மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

எனக்கென்று ஒரு சரக்கு வேண்டும் என்ற அரிப்பு எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. நான் கொண்டுவந்தது என்று காட்ட அந்தக் கடையில் ஒரு தகர டப்பாகூட இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கம்பளி கொடுப்பதற்காக நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். எல்லோருடைய காலிலும் ரத்தம். விரலிடுக்கில், கணுக்காலில், ஆடுசதையில் அட்டைகள் ஊதித் தொங்கின. ஒருத்தி வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைத் துப்பி அட்டையை விழவைத்தாள். இன்னொருத்தி சுண்ணாம்பைத் தொட்டுவைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்களோ ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரக்கப்பட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வியாபாரம். காலையில் புகையிலைச் சாறும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டுதான் மலையேறுகிறார்கள், ஆனால் முதல் மழையிலேயே எல்லாம் கழுவிப்போய்விடுகிறது என்று அந்தத் தோட்டத்துக் கங்காணி சொன்னார். எண்பது ஆளை மேய்க்கிற பெரிய கங்காணி, எங்கள் பழைய வாடிக்கைக்காரர். இறங்கி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. புகையிலையும் சுண்ணாம்பும் சவுக்காரத்தில், அதுதான் சோப்புக் கட்டியில், சேர்ந்து, மழைக்கும் போகாமல் காலில் ஒட்டிக்கொண்டால்? ஹாலிஎல வருவதற்குள் சரக்குக்குப் பெயரே வைத்துவிட்டேன். அட்டைச் சவுக்காரம்.

கடையின் பின்கட்டில் மூன்று பேரும் கூடினோம்.

"நாம விக்கிறவங்க மாப்ள, காய்ச்சுறவங்க இல்ல" என்றார் மச்சான். "கொழும்புலேருந்து வண்டி வண்டியா சவுக்காரம் வருது. நமக்கு எதுக்கு இந்த வேல?"

"கொழும்புல அட்டை இல்லையே மச்சான். அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பெரிய மாமா மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "கொஞ்சமா காய்ச்சிக் குடுத்துப் பாருங்க மாப்ள. போட்டுக்கிறவங்க நல்லா இருக்குன்னு சொன்னா அப்புறம் முருகன்கிட்ட கேட்டுக்கலாம்."

கொழும்பு செட்டித் தெருவில் ஒரு சவுக்காரப் பட்டறையில் போய் இரண்டு நாள் நின்று பார்த்தேன். தேங்காயெண்ணெயில் காரத்தைக் கலந்து காய்ச்சி, அச்சில் ஊற்றி, ஒரு மாதமாவது ஆறப்போட வேண்டும், அப்போதுதான் காரம் அடங்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார். இரண்டு நாளில் தொழிலைக் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டு திரும்பிவந்தேன். வீட்டுக் கொல்லையில் இரும்புக் கொப்பரை ஏறியது. புகையிலையை அவித்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை அடைத்துக்கொண்டார். கட்டிகளை அறுத்து, கம்பெனி முத்திரை குத்தி, பெட்டியில் அடுக்கியது என் மனைவி.

"விரல் எரியுதுங்க" என்றாள்.

"எரிஞ்சாத்தான் அட்டை விடும்" என்றேன்.

பதில் சொல்லிவிட்ட திருப்தியில் கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மழைக்காலம் முடிவதற்குள் சோதித்துப் பார்த்தாக வேண்டும் என்ற அவசரத்தில் பத்தே நாளில் ஒரு பெரிய பெட்டி நிறையக் கட்டிகளைக் கங்காணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கங்காணிக்கு ஒரு நல்ல கம்பளியும் கொடுத்தேன். அன்பளிப்பு என்றுதான் நினைத்தேன். கம்பளி வாங்கிய கை என்ன பதில் சொல்லும் என்று யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது கங்காணி தம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, தேத்தண்ணீரும் கடித்துக்கொள்ள வெல்லமும் கொடுத்தார். மூன்று பெண்களைக் கூப்பிட்டு எனக்கு முன்னால் நிறுத்தினார். மழைக்காக இடுப்பிலிருந்து பாதம் வரை படங்குச் சாக்கைக் கட்டியிருந்தார்கள்.

"முதலாளி கேக்குறாரு, சொல்லுங்க. எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றாள் முதல் பெண்.

"அட்டை ஏறுதா?"

"ஒண்ணுகூட ஏறலங்க."

மூன்று பேரும் அதையே சொன்னார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. அட்டை ஏறவில்லைதான். நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு இறங்கிவிட்டேன். அவர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போகவில்லை. அந்தச் சாக்குக்குள்ளே ஒரு காலைக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும் தோட்டத்துப் பெண்கள் எங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அந்த வாரம் என் மனைவி சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அந்தச் சவுக்காரம் ரொம்ப எரியுதுன்னு சொல்றாங்க. புண்ணாகுதாம்."

"யாரு சொன்னா? நான் நேர்ல கேட்டேன். நல்லா இருக்குன்னு மூணு பேரும் சொன்னாங்க."

"உங்ககிட்ட அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"எல்லாத்துக்கும் ஒரு குறை சொல்றவங்க இருக்கத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன். அவள் ரசம் ஊற்றினாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. நான் சொன்னதில் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. பேச்சு என்ற வாசலைத் தாண்டிவிட்டேன், சோதனை என்ற வாசலையும் தாண்டிவிட்டேன். மிச்சம் இருந்தது முருகன். ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று. இவ்வளவு செய்துவிட்டு, ஐயருடைய கை இடது பக்கம் போகிறதா வலது பக்கம் போகிறதா என்பதில் என் சவுக்காரம் தொங்குவதா? கும்பிடுகிற சாமியை நம்பாதவன் இல்லை நான். ஆனால் சாமிக்கு அட்டைக்கடி தெரியுமா என்று ஒரு சந்தேகம்.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி குளித்துவிட்டுப் பொட்டலங்களைக் கட்டினாள். நந்தியாவட்டை ஒன்றில், செவ்வரளி ஒன்றில். பூசைத் தட்டில் தேங்காய், பழம், அர்ச்சனைப் பூக்களோடு வைத்துவிட்டு உடுத்தப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு செவ்வரளிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அரளியை மடியில் செருகிக்கொண்டு தட்டிலிருந்த நந்தியாவட்டை ஒன்றை வைத்து மறுபடி கட்டினேன். இனி எதை எடுத்தாலும் வெள்ளைதான்.

நானும் பெரிய மாமாவும் மச்சானும் முன்னால் நடந்தோம். என் மனைவி தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தாள். ரொம்பவும் பின்தங்கினாள். கோயில் வாசலில் நின்று, "நல்ல நேரத்துல இப்பிடியா ஆடி அசைஞ்சு வருவாங்க?" என்று சிடுசிடுத்தேன். அவள் குழாயடியில் தட்டை வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டு, சற்று நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தாள்.

ஐயர் கற்பூரம் காட்டினார், கண்ணை மூடினார், ஒரு பொட்டலத்தை எடுத்துப் பெரிய மாமாவின் கையில் வைத்தார். பெரிய மாமா நாரை அவிழ்த்தார். நான் புன்சிரிப்போடு தயாராக நின்றிருந்தேன்.

இலைக்குள் செவ்வரளி இருந்தது.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ, அதில் ஒன்று என் கையாலேயே கட்டியது, அதற்குள்ளிருந்து சிவப்புப் பூ எப்படி வரும்? மடியில் அந்த அரளி உறுத்திக்கொண்டே இருந்தது.

"முருகன் வேணாங்கிறான்" என்றார் பெரிய மாமா. "விட்டுருங்க மாப்ள. மனசுல வச்சுக்காதீங்க."

நான் என்ன சொல்ல முடியும்? இது நடக்கவே முடியாது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால், ஏன் நடக்க முடியாது என்று கேட்பார்களே. விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டேன்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விடுவது வழக்கம். நானே விட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பதுளு ஓயாவுக்கு நடந்தேன். கரையில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து நாரை இழுத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. அதற்குள்ளும் செவ்வரளி.

சாமி கண்ணைத் திறந்துவிட்டதோ என்று முதலில் மயிர்க்கூச்செறிந்தது. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் புத்தி கொஞ்சம் தெளிந்தது. சாமிக்கு ஒரு பொட்டலத்தை மாற்றினால் போதும். இரண்டையும் மாற்ற வேண்டுமென்றால் அது மனிதப் புத்தி. என்னைப்போலவே எதையும் நம்பாத புத்தி. மச்சான்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றவர் அவர்தானே.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் நான் மனிதனாகவே இல்லை. மச்சான் கருவாடு வாங்கினால் நாற்றம் என்றேன், சேலை வாங்கினால் சாயம் போகும் என்றேன். அவர் அரிசி மூட்டையைத் திண்ணமாக அடுக்கியிருந்தாலும் சரிந்திருக்கிறது என்றேன். திருடியவனே திருட்டுக் கொடுத்தவனைப்போல் அலைந்தேன். கடைசியில், என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள், நான் தனியாகச் சவுக்காரம் காய்ச்சிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பெரிய மாமா பதறிப்போய் வீட்டுக்கே வந்துவிட்டார், மச்சானையும் கூட்டிக்கொண்டு. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

"உங்களுக்கு என்ன குறை வச்சோம் மாப்ள?" என்றார் மச்சான். அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"குறையா? ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புப் பூ வச்சுக் கழுத்தறுத்துட்டு, குறை என்னான்னு கேக்குறீங்களா?"

மச்சான் விழித்தார். பெரிய மாமா மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"ரெண்டுலயும் சிவப்பா? உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாப்ள?"

"ஆத்துல விடுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தேன்."

"ஒண்ணுல சிவப்பு வந்தா இன்னொண்ணுல வெள்ளைதானே இருக்கும்" என்றார் பெரிய மாமா நிதானமாக. "அதப் பிரிச்சுப் பாக்கணும்னு உங்களுக்கு ஏன் தோணுச்சு?"

வசமாக மாட்டிக்கொண்டேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருஷம் நாலு ஊர் வியாபாரிகளை மடக்கிப் பேசியவன், ஒரே கேள்வியில் பேந்தப் பேந்த விழித்தேன். மச்சானுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன்.

"அப்ப நீங்க ரெண்டுலயும் வெள்ளைய வச்சீங்களா மாப்ள? சாமி முன்னாடியா?"

"சிவப்ப வச்சது அண்ணன் இல்ல" என்று அடுக்களை வாசலிலிருந்து குரல் வந்தது. "நான்தான்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குழாயடியில தட்ட எறக்கி வச்சப்பத்தான் பாத்தேன். நான் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தேன். ஒரு பொட்டலத்துல மட்டும் நார மூணு சுத்துச் சுத்தி, நுனிய உள்ள செருகியிருந்துச்சு. சீனிப் பொட்டலம் கட்டுற மாதிரி. கடைக்காரக் கை இல்லாம யாரு அப்பிடிக் கட்டுவா? பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் வெள்ளை. அர்ச்சனைக்கு வச்சிருந்த அரளி தட்டுலயே இருந்துச்சு. ரெண்டுலயும் வச்சுக் கட்டிட்டேன்."

"ஏன்?" என்றேன்.

"ரெண்டு தடவ சொன்னேன் உங்ககிட்ட. கேக்கல. சரி, சாமி சொல்லட்டும்னு விட்டுட்டேன். முருகா, நீ என்ன சொல்றியோ அதுன்னுதான் அன்னைக்குக் காலைல பூக் கட்டுனேன். நீங்க சாமியவும் சொல்ல விடல."

பிறகு அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கினாள். பெரியப்பாவுக்கும் அண்ணனுக்கும் முன்னால் ஒருநாளும் அப்படிச் செய்யாதவள். இரண்டு காலிலும் கணுக்காலிலிருந்து மேலே தோல் உரிந்து ஆறியிருந்தது. திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பும் கறுப்பும். கொதித்த கஞ்சி கொட்டியதுபோல இருந்தது.

"ரெண்டு வாரம் தெனமும் காலைல பூசிக்கிட்டேன். அவங்க மழைல நிக்கிறாங்களே, அதுக்காக ஈரத் துணியச் சுத்திக்கிட்டுத்தான் வீட்டு வேல செஞ்சேன். அவங்க சொன்னது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியணும்ல."

இரண்டு வாரம். நான் அதே வீட்டில் சாப்பிட்டேன், அதே வீட்டில் தூங்கினேன், மெதுவாக நடக்கிறாள் என்று கோயில் வாசலில் வைத்துத் திட்டினேன். மச்சான் தங்கையின் காலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பங்கு பிரிக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெரிய மாமா எழுந்து போகும்போது சொன்னது ஒன்றுதான்.

"நல்லவேள, சரக்க அன்னைக்கே விட்டுட்டோம்."

எனக்கும் அது ஒன்றுதான் ஆறுதல். அவள் குறுக்கே வந்து தடுத்தாள். நான் காய்ச்சிய பாவம் அந்த வெள்ளிக்கிழமையோடு நின்றுபோயிற்று. போய் அந்தப் பெண்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம் என்று என் மனைவி சொன்னாள். சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி கட்டிக்கொண்டு போனோம். வண்டி போகாத இடத்தில் இறங்கி நடந்தோம். கங்காணி வீட்டுப் பக்கம் திரும்பாமல், அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, லயத்துக்குப் போகும் பாதையில் ஏறினேன். வழியிலேயே பீலி. மலையிலிருந்து குழாய்போல் தண்ணீர் விழும் அந்த இடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கால்களைப் பார்த்தேன். ஒருத்திக்கு ஆடுசதை முழுக்கத் தோல் போய்ச் சிவந்து கிடந்தது. இன்னொருத்திக்குக் கணுக்காலில் சீழ். ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும், காலைத் தண்ணீரில் வைக்க முடியாமல் கல்லின் மேல் தூக்கிவைத்துக்கொண்டு கசக்கினாள். என்னைக் கண்டதும் எல்லோரும் சேலையை அவசரமாக இறக்கிவிட்டார்கள். "வாங்க முதலாளி" என்றாள் ஒருத்தி. "சவுக்காரம் நல்லா இருக்குங்க, அட்டையே ஏறலங்க" என்று நான் கேட்காமலே சொன்னாள். கங்காணி வாசலில் என்னிடம் முதலில் பதில் சொன்ன அதே பெண்.

என் மனைவி போய் அந்தக் கல்லில் உட்கார்ந்து தன் காலைக் காட்டினாள். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தம் சேலையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"எனக்கு ஆறிருச்சே" என்றாள் என் மனைவி. "உங்களுக்கெல்லாம் ஏன் இன்னும் பச்சப் புண்ணா இருக்கு?"

"தெனமும் பூசுனா எப்பிடிங்கம்மா ஆறும்?"

"தெனமுமா? இன்னுமா பூசுறீங்க?"

"பூசலேன்னா கங்காணி அரைப் பேரு போட்டுருவாருங்க. காலைல பெரட்டுல ஆள் கணக்கு எடுக்குறப்ப மோந்து பாப்பாருங்க காலை. போயில வாட அடிக்கணும்."

பெரட்டுக்களத்தில் முழுநாள் வேலைக்கு ஒரு பேர். அரைப் பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சோறு. துவைக்கிற கல்லின் ஓரத்தில் பழுப்புக் கட்டி ஒன்று நனைந்து கிடந்தது. தேய்ந்துபோன பிறகும் எங்கள் கம்பெனி முத்திரை அதில் தெளிவாகத் தெரிந்தது.

என் மனைவி கேட்டாள். "சாமி வேணாம்னு சொல்லிருச்சே. ஒன்றர மாசம் ஆச்சு. உங்களுக்கு யாருமே சொல்லலியா?"

"எந்தச் சாமிங்கம்மா?"

பூக்கட்டிப் பார்த்தது நாங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தது நாங்கள். ஏமாற்றியது நான், தடுத்தது அவள், மன்னித்தது பெரிய மாமா. கம்பெனிக்கு அந்தச் சரக்கு அன்றோடு முடிந்துவிட்டது. கால் புண்ணான பிறகு இந்தப் பெண்கள் பஜார் பக்கம் இறங்கவும் இல்லை. பத்து மைல் மேலே போய் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சத்தம் கேட்டுக் கங்காணி தம் புதுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். நான் அவர் மேல் பாய்ந்தேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"நீங்க நிறுத்தச் சொல்லலியே முதலாளி. நல்லா நடக்குதுன்னுதானே நான் நெனச்சேன். பொட்டி இன்னும் பாதி இருக்கு."

அந்தப் பாதிப் பெட்டியை வெளியே கொண்டுவரச் சொன்னேன். இனி யாரும் பூச வேண்டாம், ஒருத்தரும் பூசக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்தச் சின்னப் பெண் மட்டும் காலைக் கல்லிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப நாளைக்குப் பூசாம போனா முழுப் பேருங்களா?"

"முழுப் பேருதாம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கங்காணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.